பிளஸ் டூ பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது: பள்ளி முகாமா, செல்போனா, வாக்குச்சாவடியா?

பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசினால், முதலில் வரும் யோசனை பள்ளியில் ஒரு முகாம். தலைமையாசிரியரிடம் அனுமதி, ஒரு பேனர், புதிதாகப் பெயர் சேர்க்கும் ஆறாம் படிவம் ஒரு கட்டு, மதியத்துக்குள் வேலை முடிந்தது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நீளும் நம் இராமநாதபுரம் கடற்கரையில் அந்த முகாம் பார்க்க எடுப்பாக இருக்கும். பட்டியலில் ஏறும் பெயர்கள் அந்த அளவுக்கு இருக்காது என்பது என் கணக்கு.

வேறு இரண்டு வழிகள் உண்டு. பிள்ளையின் வீட்டிலோ ஊர் நூலகத்திலோ உட்கார்ந்து செல்போனில் விண்ணப்பிக்க உதவுவது ஒன்று. சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடியில் நடக்கும் சிறப்பு முகாமுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது இன்னொன்று. இ-சேவை மையத்துக்கோ பிரவுசிங் சென்டருக்கோ அனுப்பிவிடுவதும் ஒரு வழிதான். ஆனால் இலவசமாக நடக்க வேண்டிய வேலைக்குக் காசு கொடுத்து, தட்டச்சு செய்கிறவர் பெயரை எப்படி அடித்தாரோ அப்படியே ஏற்றுக்கொண்டு வருவதற்குத் தன்னார்வலர் எதற்கு? அதை விட்டுவிடுகிறேன்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் வயதைப் பார்க்க வேண்டும். முகாம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1989 வரை வாக்களிக்க 21 வயது ஆக வேண்டும்; 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை 18 ஆக்கியது. அதன் பிறகும் ரொம்ப காலம் ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். ஜனவரி 2-ல் 18 நிரம்பிய பிள்ளை அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள். 17 நிரம்பியவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி வந்தது. ஆண்டுதோறும் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் பட்டியலைப் புதுப்பிக்க வரும் சுருக்கத் திருத்தத்தின்போது, அடுத்த ஆண்டின் அந்த நான்கு நாட்களில் எதற்குள் 18 நிரம்பினாலும் இப்போதே படிவம் கொடுத்து வைக்கலாம். 2009 பிப்ரவரியில் பிறந்த பிள்ளை 2026 நவம்பரில் கொடுத்தால், 2027 ஏப்ரல் 1-ஐத் தகுதி நாளாக வைத்து அதைப் பரிசீலிப்பார்கள்.

சரி, அப்படியானால் பிளஸ் டூ வகுப்பு முழுவதையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. நம் ஊரில் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: பிளஸ் டூவில் நுழையும்போது பல பிள்ளைகளுக்கு 16 தான் முடிந்திருக்கும். பொதுத் தேர்வு எழுதிவிட்டு வரும்போது 17, கல்லூரி முதலாண்டில் 18. நவம்பரில் வகுப்பறையில் நின்றால் ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் மட்டுமே படிவம் வாங்கலாம். மற்றவர்களுக்கு அடுத்த நவம்பர்தான். அதற்குள் அவர்கள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். ஒருவர் மதுரையில் ஹாஸ்டலில், ஒருவர் விசைப்படகில், ஒருவர் திருப்பூரில்.

பள்ளி முகாம் என்ற வழி இந்த இடத்திலேயே பாதி அடைபட்டுவிடுகிறது. மீதிப் பாதிக்கு வருவோம்.

பாம்பனிலோ இராமநாதபுரத்திலோ ஒரு மேல்நிலைப் பள்ளியை எடுத்தால், பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு ஊரிலிருந்து வருகிறார்கள். சில பள்ளிகளில் ஒரே வகுப்பில் இரண்டு சட்டமன்றத் தொகுதிப் பிள்ளைகள் இருப்பார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். அவர் பெரும்பாலும் ஆசிரியராகவோ, அங்கன்வாடிப் பணியாளராகவோ, சத்துணவு அமைப்பாளராகவோ இருப்பார். பள்ளி முகாமுக்கு ஒரு பி.எல்.ஓ. வந்தால் அவருடைய பகுதிப் பிள்ளைகள் நாலு பேர் இருக்கலாம். மற்ற படிவங்கள் வட்டாட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவுக்குப் போய், அங்கே பாகம் பாகமாக, அதாவது வாக்குச்சாவடி வாரியாகப் பிரிந்து, உரிய பி.எல்.ஓ. கைக்கு வர வேண்டும். பிள்ளைக்கோ தன் பாக எண் என்னவென்றே தெரியாது.

அதிகாரிகள் யாரும் வராமல் தன்னார்வலர்களே படிவங்களை வாங்கிக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? கூடாது. ஒரே ஆள் மொத்தமாகக் கொண்டுவரும் விண்ணப்பங்களை ஏற்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. ஒரே வீட்டாருடைய படிவங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். கட்சிகள் நியமிக்கும் வாக்குச்சாவடி முகவர்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு இத்தனை என்ற வரம்போடு அனுமதி உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரே பதவி வழியில் துணைப் பதிவாளர். தன்னார்வலரும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்திடம் நியமனம் பெற்றால் படிவங்களைக் கையில் வாங்கி ஐந்து நாளைக்குள் ஒப்படைக்கலாம். இங்கே நமக்கு அப்படியொரு பதவி கிடையாது. ‘என்கிட்ட கொடுத்துட்டுப் போங்க, நான் சேர்த்துடறேன்’ என்று சொல்கிற நல்ல மனசுக்காரரை முதலில் தடுக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் பள்ளியை முழுக்க விட்டுவிட நான் சொல்லவில்லை. ஆவணம் சரிபார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு பாடவேளை போதும்.

படிவத்தைக் கையில் எடுத்தவுடன் எல்லாரும் கொண்டுவருவது ரேஷன் ஸ்மார்ட் கார்டு. ஆறாம் படிவத்தில் முகவரிச் சான்றாகப் பட்டியலிட்டிருப்பவற்றில் அது இல்லை. ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், தண்ணீர், மின்சார, எரிவாயு ரசீது, பாஸ்போர்ட், நில ஆவணம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் ஆகியவைதான் இருக்கின்றன. இவை பிள்ளையின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் அப்பா அம்மா பெயரில் இருந்தாலும் போதும். கடலோரப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் குடும்பங்களுக்குப் பட்டாவும் இருக்காது, மின் இணைப்பும் இருக்காது. அவர்கள் வேறு ஏதாவது ஓர் ஆவணத்தைக் காட்டலாம், அப்போது பி.எல்.ஓ. நேரில் வந்து பார்த்து எழுத வேண்டும். ‘பட்டா இல்லை, அதனால் ஓட்டும் இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பித் திரும்பிவிட வேண்டாம்.

வயதுச் சான்றுக்குக் கவலையே இல்லை. பிறந்த தேதி அச்சிட்ட பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எல்லாரிடமும் இருக்கிறது. சிக்கல் பெயரில் வரும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஆதாரில் பெயருக்கு முன்னால் ‘மரிய’ இருக்கும், மதிப்பெண் சான்றிதழில் இருக்காது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஒன்றில் ‘முகமது’, இன்னொன்றில் ‘முஹம்மது’, மூன்றாவதில் வெறும் ‘மு’ என்ற தலைப்பெழுத்து. இதையெல்லாம் வரிசையில் நிற்கும்போது கண்டுபிடிப்பதைவிட, இரண்டு அட்டையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பள்ளியிலேயே பார்த்துவிடலாம். எந்த எழுத்தில் எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால், படிவத்திலும் பிள்ளை அப்படியே எழுதும். பின்னால் எட்டாம் படிவம் போட்டுத் திருத்தும் அலைச்சல் மிச்சம்.

இன்னொன்று, ஆதார் நகல்களைத் தன்னார்வலர் தன் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது. வேண்டவே வேண்டாம். பார்த்தோம், கொடுத்தோம், அத்தோடு சரி.

இனி செல்போன். நகரத்துப் பிள்ளைக்கு இதுதான் லேசான வழி. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். ஆறாம் படிவத்தை நிரப்பி, போட்டோவையும் சான்றுகளையும் ஏற்றினால் ஒரு குறிப்பு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். காகிதம் தொலையும் பயம் இல்லை. மூன்று வழிகளில் கையில் ஆதாரம் மிஞ்சுவதில் இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் நம் பக்கத்து நிலைமையைப் பாருங்கள். வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். இப்போது இணையத்தில் ஆதார் வழி மின்கையொப்பமும் கேட்கிறார்கள். அதற்கு ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண் அப்பாவுடையது. இராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் தொழிலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. மாலை ஆறு மணிக்குத் தன்னார்வலர் வீட்டில் உட்கார்ந்திருப்பார், ஓ.டி.பி. பாக் நீரிணையில் டவர் இல்லாத இடத்தில் இருக்கும் போனைத் தேடிக்கொண்டிருக்கும். அம்மாவைக் கேட்கலாம் என்றால் அவர் பாசி எடுக்கவோ கருவாட்டு வேலைக்கோ போயிருப்பார். கீழக்கரையில் அப்பா வளைகுடாவில் இருப்பார். ஆதாரில் இருப்பது அவர் போகும்போது நிறுத்திவிட்ட பழைய எண்ணாக இருக்கும்.

தன்னார்வலர் தன் எண்ணிலேயே பத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுப்பதும் நடக்கிறது. அதற்கும் நான் எதிரி. பின்னால் வரும் தகவல் எல்லாம் அந்த எண்ணுக்கே வரும். அவர் ஊர் மாறினால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையின் எண் இல்லையென்றால் வீட்டில் நிலையாக இருக்கும் பெரியம்மா, சித்தப்பா எண்ணைக் கொடுப்பது தேவலை.

இருந்தாலும் செல்போன் வழிக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அப்பாவும் போனும் வீட்டில். தேர்வு முடிந்து விடுமுறை, மே மாதத்தில் ரிசல்ட், கல்லூரிக்குப் போன அண்ணன் அக்காக்களும் ஊருக்கு வந்திருப்பார்கள். சேர்ப்பு வேலை ஆண்டு முழுவதும் நடப்பதால், ஏற்கெனவே 18 நிரம்பியவர்களும் ஜூலை 1-க்குள் நிரம்புகிறவர்களும் அப்போது போடலாம். அதாவது, போன ஆண்டு நவம்பரில் வயது இருந்தும் படிவம் கொடுக்காமல் விட்டுப்போன பிள்ளைகள். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை, அந்தக் குடும்பங்களில் வழக்கமான இழுபறிதான்.

மூன்றாவது, வாக்குச்சாவடி. சுருக்கத் திருத்தக் காலத்தில் சில சனி, ஞாயிறுகளைக் குறித்து, அந்த நாட்களில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் பி.எல்.ஓ. உட்கார்ந்திருப்பார். அனேகமாக அது அந்த ஊர்த் தொடக்கப் பள்ளிதான். பிள்ளை ஒன்றாம் வகுப்பு படித்த அதே கட்டடமாகக்கூட இருக்கும்.

இங்கே கிடைக்கும் பெரிய வசதி பி.எல்.ஓ. கையில் இருக்கும் பட்டியல். ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்பார். அம்மா பெயரைச் சொன்னதும் பக்கத்தைப் புரட்டி, வீட்டு எண்ணில் விரல் வைத்து, அம்மாவின் அடையாள அட்டை எண்ணை அவரே படித்துக் காட்டுவார். படிவத்தில் உறவினர் எண் கேட்கும் கட்டம் அதோடு நிரம்பிவிடும். பிள்ளை பெயரும் குடும்பத்தோடு ஒரே பாகத்தில் வரும். கூடவே இன்னொன்றும் தெரிந்துவிடும்: வீட்டார் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, தொழிலுக்காக வெளியூர் போய்வரும் குடும்பங்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பிள்ளைக்குப் படிவம் கொடுக்க வந்த இடத்தில் அப்பாவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கலாம். அந்தத் திருத்தத்தின்போது ஆறாம் படிவத்தோடு ஓர் உறுதிமொழிப் படிவமும் கேட்டார்கள். இனி எதை இணைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பி.எல்.ஓ.விடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தைக் கொடுத்ததும் அதன் அடியில் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்காமல் நகரக் கூடாது.

குறைகளும் உண்டு. நவம்பர் நமக்கு மழைக்காலம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய வாரத்தில் யாரும் வாக்குச்சாவடிப் பக்கம் வரமாட்டார்கள். சனிக்கிழமை அப்பா கடலில். ஞாயிறு காலை பூசை. ஞாயிறு பிற்பகல் மட்டும்தான் நிதானமாகக் கிடைக்கும். பி.எல்.ஓ. வராத வாக்குச்சாவடியும் இருக்கும். தேர்தல் உதவி எண் 1950-க்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு போக வேண்டியதுதான். கட்சி முகவர்களும் அங்கே இருப்பார்கள், தப்பில்லை, அது அவர்கள் வேலை. தன்னார்வலர் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காராமல் இருந்தால் போதும். ஊர் சிறியது, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பது சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

எந்த வழியில் போனாலும் இந்தக் கடற்கரையில் கவனம் வைக்க வேண்டிய ஒரு விஷயம் மண்டபம் முகாம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைகளும் நம் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பலரிடம் ஆதார் இருக்கிறது. ஆதார் அடையாளச் சான்றே தவிர, குடியுரிமைச் சான்று ஆகாது. ஆறாம் படிவத்தில் ‘நான் இந்தியக் குடிமகன்’ என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யான உறுதிமொழிக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-ன் 31-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வகுப்பில் எல்லாருக்கும் படிவத்தை விநியோகித்து ‘கையெழுத்துப் போடுங்க பிள்ளைகளா’ என்றால், முகாம் பிள்ளையும் கூச்சப்பட்டுக்கொண்டு போட்டுவிடும். மாட்டிக்கொள்வது அதன் குடும்பம். பிற்காலத்தில் குடியுரிமை கேட்கும்போது இந்தக் கையெழுத்து குறுக்கே வரலாம்.

அதற்காக ‘முகாம் பிள்ளைகள் எழுந்து வெளியே போங்க’ என்று வகுப்பில் சொல்வது அதைவிடக் கொடுமை. பள்ளியில் படிவத்தையே விநியோகிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோரில் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவர் என்றால் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்று கருதப்படாதவராகவும் இருக்க வேண்டும். அப்பா இராமேசுவரத்துக்காரர், அம்மா முகாமைச் சேர்ந்தவர் என்ற குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டா இல்லையா என்பதைத் தன்னார்வலர் மேசையில் வைத்துத் தீர்க்கக் கூடாது. வாக்காளர் பதிவு அலுவலரிடமோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரிடமோ அனுப்ப வேண்டும்.

ஹாஸ்டல் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஊரிலா, படிக்கிற இடத்திலா? இரண்டில் ஒன்று, எது வேண்டுமானாலும். ஹாஸ்டல் முகவரியில் சேரக் கல்லூரித் தலைமை கொடுக்கும் சான்று வேண்டும். இரண்டு இடத்திலும் சேர்ந்தால் அது சட்டப்படி குற்றம். ஊரிலேயே இருக்கட்டும் என்பதுதான் நான் சொல்வது. உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதே பட்டியல்தான் அடிப்படை. ஊராட்சி மன்றத்தில் யார் உட்கார்கிறார் என்பது கல்லூரி இருக்கும் ஊரைவிடச் சொந்த ஊரில்தான் பிள்ளைக்கு உறைக்கும். ஆனால் ஒன்று, பி.எல்.ஓ. வீட்டுக்கு விசாரிக்க வரும்போது பிள்ளை மதுரையில் இருக்கும். ‘அவன் இங்க இல்லையே’ என்று வீட்டில் வெள்ளந்தியாகச் சொல்லி, அதனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். படிக்கப் போயிருக்கிறான், வீடு இதுதான் என்று சொல்லும்படி வீட்டாரிடமும் அடுத்த வீட்டாரிடமும் சொல்லி வைப்பது தன்னார்வலர் வேலையில் சேர்த்தி.

ஆக, கையில் ஐந்தாறு பேர் மட்டுமே இருக்கும் குழு என்றால் நான் வாக்குச்சாவடியைத்தான் தேர்ந்தெடுப்பேன். அக்டோபரில் பள்ளியில் ஒரு பாடவேளை கேட்டு வாங்குங்கள். படிவம் கொடுக்க வேண்டாம். பிறந்த தேதியை வைத்து யாருக்கு இந்த நவம்பர், யாருக்கு அடுத்த நவம்பர் என்று பிள்ளைகளையே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆவணங்களைப் பார்த்துக் கொடுங்கள். நவம்பரில் ஆளுக்கொரு வாக்குச்சாவடியைப் பிரித்துக்கொண்டு ஞாயிறு பிற்பகலில் வாசலில் நில்லுங்கள். பிள்ளை தன் கையால் எழுதி, தன் கையால் கொடுத்து, சீட்டைத் தானே வாங்கிக்கொள்ளட்டும். விட்டுப்போனவர்களுக்குத் தடைக்காலத்தில் செல்போன்.

ஆள் குறைவு, இரண்டே பேர்தான் என்றால் தடைக்காலத்து வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பள்ளி முகாம்தான் வேண்டும் என்று தலைமையாசிரியர் பிடிவாதமாக இருந்தால், வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, பிள்ளைகள் வரும் எல்லாப் பகுதிகளின் பி.எல்.ஓ.க்களையும் அழைக்கச் சொல்லுங்கள். அவர்கள் வந்தால் நடத்தலாம்.

அப்புறம், ஜனவரியில் இறுதிப் பட்டியல் வரும்போது யாராவது ஒருவர் வாக்குச்சாவடிக்குப் போய்ப் பெயர்களைப் பார்க்க வேண்டும். ஜனவரி 1-க்குள் 18 நிரம்பியவர்கள்தான் அதில் இருப்பார்கள். மற்றவர்களுக்கு அவரவர் தகுதி நாள் தாண்டிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். வீட்டுக்கு அட்டை வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டால் போதாது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை இல்லையென்றால் ஆதார், புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் போன்ற வேறு ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம். அட்டை இருந்து பெயர் இல்லையென்றால் போட முடியாது. தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாலும், வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலில் சேர்ப்பது நின்றுவிடும்.